குறையை ஒரே தடவையில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கட்டட அனுமதியை, வரைபடத்துக்குப் பதில் கட்டடத்தின் முப்பரிமாணக் கணினி மாதிரியைக் கொடுக்கும் ‘பிம்’ (BIM) முறைக்கு மாற்றுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விவரமாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. ‘மதுரை போன்ற ஊர்களில் உள்ள சிறு பொறியாளர்கள் பழைய பழக்கத்தை விடாததே இதற்குப் பெரிய தடை.’

ரொம்ப சந்தோஷம். ப்ளான் அப்ரூவல் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கும் வீட்டுக்காரர்களுக்கு இதுவரை பதில் சொல்லத் தெரியாமல் முழித்தேன். இனி உங்கள் இதழையே நீட்டிவிடலாம்.

டிரேசிங் பேப்பரில் இங்க் பேனாவால் வரைந்து, அமோனியா பிரிண்ட் எடுத்து, அந்த நெடியோடு அலுவலக வாசலில் காத்திருந்தவன் நான். கம்ப்யூட்டரில் படம் வரையும் ஆட்டோகேட் வந்தது, படித்துக்கொண்டேன். சிடியில் போட்டுக் கொடு என்றார்கள், கொடுத்தேன். அப்புறம் ஆன்லைன். சுவருக்கு ஒரு லேயர், மனை எல்லைக்கு ஒரு லேயர், அதுவும் அவர்கள் சொன்ன பெயரில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். அதையும் செய்தேன். போர்ட்டலில் ஏற்றி முடித்ததும் போன் வருகிறது: “சார், நாலு செட் பிரிண்ட் எடுத்துட்டு வந்துருங்க. ஸ்கிரீன்ல பார்த்தா எங்களுக்குத் தோதுப்படல.” எந்த அலுவலகம் என்று எழுதி யார் பிழைப்பையும் கெடுக்க விரும்பவில்லை. பழைய பழக்கம் யாரிடம் இருக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததா?

பிம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில் சுவரும் ஜன்னலும் வெறும் கோடுகள் அல்ல. படிக்கட்டு என்றால் அதன் அகலம், உயரம், எந்தத் தளத்தில் இருக்கிறது என்ற விவரமெல்லாம் அதனோடேயே இருக்கும். விதிக்குப் பொருந்துகிறதா என்று மென்பொருளே பார்த்துச் சொல்லிவிடும். நல்லதுதான். கட்டுரையாளர் சிங்கப்பூரை உதாரணம் காட்டுகிறார். சரி, அந்தக் கதையை முழுதாகச் சொல்லியிருக்கலாம். அங்கே 2013-ல் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்களுக்குத்தான் முதலில் கட்டாயமாக்கினார்கள். 2015-ல் அதை 5,000 சதுர மீட்டருக்கு இறக்கினார்கள். அதுவே ஏறக்குறைய 54,000 சதுர அடி. நான் படம் போடுவது மூன்று சென்ட் மனைக்கு. அதற்கு வருடச் சந்தா கட்டி அந்த மென்பொருளை வாங்கினால் அந்தக் காசை எந்த வீட்டுக்காரர் தலையில் கட்டுவது?

இன்னொன்றையும் விட்டுவிட்டார். நில எல்லைகளைக் கல்லை நம்பாமல் ஆயத்தொலைவு எண்களால் (coordinates) குறிக்கும் முறைக்கு சிங்கப்பூர் 2004-லேயே மாறிவிட்டது. பிம் மாதிரியை நிறுத்தி வைக்க அங்கே நிலத்தின் எல்லை ஒழுங்காக இருக்கிறது. இங்கே? அழகர்கோவில் சாலைப் பக்கம் ஒரு மனை. சர்வே துறையின் நில வரைபடமான புலப்படத்தில் கிழக்கு எல்லை ஓர் அளவு, டேப் பிடித்தால் இரண்டடி குறைகிறது. எல்லையிலிருந்து காலியாக விட வேண்டிய செட்பேக்கை எதிலிருந்து கணக்கிடுவது? புலப்பட அளவைப் போட்டால் வீடு பக்கத்து மனைக்குள் போகிறது. டேப் அளவைப் போட்டால் ‘ஆவணத்தோடு ஒத்துப்போகவில்லை’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். சர்வேயர் தேடி வந்த எல்லைக் கல், பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் துணி துவைக்கக் கிடந்தது, ஓரமெல்லாம் சோப்பு நுரை. மேலே எவ்வளவு அழகான முப்பரிமாண வீட்டை நிறுத்தினாலும் அந்த இரண்டடியை எந்தக் கம்ப்யூட்டர் கொண்டுவந்து கொடுக்கும்? இந்தச் சர்வே கல் விவகாரத்தைப் பற்றிப் போன வருடமே உங்களுக்கு எழுதினேன். மூன்று வரியாக வெட்டிப் போட்டீர்கள். இடப் பற்றாக்குறையாக இருக்கும், குறை சொல்லவில்லை.

மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம். எல்லாப் படத்திலும் குழி இருக்கும், மனையில்தான் இருக்காது. பிம் மாதிரியிலும் அந்தக் குழி ஜோராகத் தெரியும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்ற விதியும் இருக்கத்தான் செய்கிறது. அதை யார் மீறியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க மென்பொருள் வேண்டுமா? மாசி வீதியில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதாதா?

அரசு செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, விண்ணப்பிப்பவரே விதிப்படி இருப்பதாகச் சான்று தரும் சுயசான்று முறையை 2024 ஜூலையில் கொண்டுவந்தார்கள். சின்ன வீடுகளுக்கு அது பெரிய நிம்மதி. அதற்கு பிம் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கட்டுரையாளர் கவனிக்கட்டும்.

அந்த அளவைக் கொஞ்சம் தாண்டினால் மறுபடி அதே கதை. முதலில் கிணறு காட்டவில்லை என்று திரும்பும். கிணறு போட்டு அனுப்பினால், வடக்கு அம்புக்குறி சிறியது. அம்பைப் பெரிதாக்கினால், கூட்டுப் பட்டாவுக்கு விளக்கம் வேண்டும். இது மூன்றும் முதல் நாளே அந்தப் படத்தில் இருந்தவைதானே! இதற்குள் வீட்டுக்காரரின் வங்கிக் கடன் அனுமதி காலாவதியாகி, கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்.

எனவே தங்கள் இதழ் ஒரு காரியம் செய்தால் போதும். ஒரு விண்ணப்பத்தில் எத்தனை குறை இருந்தாலும் அத்தனையையும் முதல் தடவையே எழுதித் தர வேண்டும், அதன்பிறகு புதிதாக எதையும் கிளப்பக்கூடாது என்று சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே வெளியிடுங்கள். இந்தக் கடிதத்தை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மேலே எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், இந்தப் பத்தியை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய பழக்கத்தை விடாத ஒரு கட்டடப் பொறியாளர்,
திருப்பாலை, மதுரை.