கம்பிக் கதவின் சாவி எங்கே?

ஆசிரியருக்கு,

பழைய மகாபலிபுரம் சாலையோரம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறேன். போன வாரம் இரவு கரன்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்ததால் படியில் இறங்கினேன். ஏழாவது மாடித் திருப்பத்தில் குழந்தைகள் சைக்கிள், ஐந்தாவதில் செருப்பு ஸ்டாண்டு, மூன்றாவதில் யாரோ கழற்றிப் போட்ட கட்டில். புகை பரவாமலிருக்க வைத்த கதவை, துளசித் தொட்டியை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்திருக்கிறார்கள்!

1975-இல் அண்ணா சாலை எல்ஐசி கட்டடம் எரிந்ததைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2017-இல் தி.நகரில் பல மாடித் துணிக்கடை எரிந்ததை நாமே பார்த்தோம்.

தீப்பிடித்தால் இறங்கலாமென்று சிலர் கயிறு வாங்கி வைக்கிறார்கள். ஒன்பதாவது மாடியிலிருந்து கயிற்றில் இறங்குவது என்னால் ஆகாது. பழகாத கை வழுக்கும். என் ஆபீஸ் பையில் இருப்பது சின்ன டார்ச், விசில், ஒரு பருத்தித் துண்டு. புகையில் கத்தினால் தொண்டை அடைக்கும், அப்போது விசில் உதவும். துண்டை நனைத்துக் கதவடி இடுக்கை அடைக்கலாம். மூக்கில் கட்டினால் கரித்தூள் குறையும், விஷவாயு நிற்காது.

அப்புறம், திருட்டுக்குப் பயந்து பால்கனிக்குக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டுகிறோம். சரி, சாவி எங்கே? எங்கள் வீட்டில் தேடப் பத்து நிமிடம் ஆனது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. இப்போது கம்பிக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்குகிறது.

படிக்கட்டைக் காலி செய்யச் சங்கக் கூட்டத்தில் கேட்டேன். கட்டிலின் சொந்தக்காரர் ஊரில் இல்லையாம்.

ஒரு வாசகர்,
நாவலூர், சென்னை