விகிதத்தைத் தொடுமுன் பதிவேட்டைத் திருத்துங்கள்

நிதி அமைச்சின் செயலாளர் அவர்களுக்கும், பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவின் உறுப்பினர்களுக்கும்

மதிப்புக்குரியீர்,

வசதி படைத்தவர்களிடம் வரியைக் கூட்டி வாங்க வேண்டும் என்று ஒரு பக்கம் பேசுகிறது. கூட்டினால் முதலீடும் மூளையும் நாட்டைவிட்டுப் போய்விடும் என்கிறது மறுபக்கம். கணக்காய்வு, வரிப் படிவம், காணி உறுதி என்று கொழும்பில் இதையே தொழிலாகச் செய்யும் தமிழ் பேசும் சிலர் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். கூட்டி வாங்க வேண்டும் என்ற பக்கம்தான் நாங்கள். ஆனால் வருமான வரியின் உச்ச விகிதமான 36 வீதத்தை 40 ஆக்குவதே அதற்கு வழி என்று யாராவது உங்கள் மேசையில் ஒரு தாளை வைத்தால், தயவுசெய்து அதை ஏற்க வேண்டாம். அந்த 4 வீதம் போய் விழுவது சம்பளக்காரர் தலையில்தான்.

கணக்கைப் பாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், பிறகு ஐந்தைந்து இலட்சமாக 18, 24, 30 வீதம், மிச்சம் முழுவதற்கும் 36. மாதம் 5 இலட்சம் சம்பளம் வாங்கும் ஒரு வைத்தியரோ பொறியியலாளரோ ஆண்டுக்கு 10 இலட்சத்து 32 ஆயிரம் ரூபா கட்டுகிறார். மாதம் 86,000. பணம் கைக்கு வருமுன்பே சம்பளச் சீட்டில் கழிந்துவிடுகிறது. அதே ஆண்டில், முதலீடாக வைத்திருந்த பங்குகளைக் கொழும்புப் பங்குச் சந்தையில் விற்று 60 இலட்சம் இலாபம் கண்டவருக்கு அந்த இலாபத்தில் வருமான வரி ஒரு சதமும் இல்லை. வாங்கும்போதும் விற்கும்போதும் 0.3 வீதப் பங்குப் பரிமாற்ற வரியோடு சரி. இருவர் கையிலும் சேர்ந்தது அதே 60 இலட்சம்.

இந்த நிலை எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 2019 டிசம்பரில் வற் (பெறுமதி சேர்) வரி 15 வீதத்திலிருந்து 8க்கு இறங்கியது. சம்பளக்காரருக்கு 12 இலட்சமாக இருந்த வரியற்ற எல்லை 30 இலட்சமாக உயர்ந்தது. 2022இல் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 வீதத்துக்கும் கீழே போனது. அந்த ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. விட்ட வரியைத் திரும்பப் பிடித்த விதத்தில்தான் எங்கள் மனக்குறை. 2022இல் மட்டும் வற் 12 ஆகி 15 ஆனது, 2024 ஜனவரி 1இல் 18 ஆனது. 2.5 வீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் கூட வந்தது. இன்று வரி வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மறைமுக வரி. கொட்டாஞ்சேனையில் நாட்கூலிக்குப் போகிறவர் வாங்கும் சவர்க்காரக் கட்டியிலும், கொழும்பு 7இல் மூன்று வீடு வைத்திருப்பவர் வாங்கும் சவர்க்காரக் கட்டியிலும் இருப்பது ஒரே 18 வீதம்.

செல்வம் இருக்கும் இடங்கள் நான்கு: வைப்பு, பங்கு, காணி, பரம்பரைச் சொத்து. எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

முதலில் வைப்பு. நிலையான வைப்பு வட்டியில் வங்கி 10 வீதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அது முற்பணம் மட்டுமே. பலர் அதையே முழு வரி என்று நினைக்கிறார்கள், அல்லது அப்படி நினைப்பதாகக் காட்டிக்கொள்கிறார்கள். 5 கோடி ரூபாவை 8 வீதத்தில் வைத்தால் ஆண்டு வட்டி 40 இலட்சம், வங்கி பிடிப்பது 4 இலட்சம். அவருடைய மற்ற வருமானம் ஏற்கெனவே 36 வீதப் படியில் இருந்தால் உண்மையில் கட்ட வேண்டியது 14 இலட்சத்து 40 ஆயிரம். நவம்பர் 30க்குள் படிவம் போடாவிட்டால் 10 இலட்சத்து 40 ஆயிரம் போனதுதான். இங்கே சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. வங்கிகள் தரும் பிடித்தப் பட்டியலில் அடையாள இலக்கம் இருக்கிறது, அதைப் படிவம் போட்டோர் பட்டியலோடு ஒப்பிட்டால் போதும். மறுபுறம், மொத்த வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைந்த ஓய்வூதியர் தன் வட்டியில் பிடிக்காமலிருக்க ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியே பிரகடனம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதை ஒருமுறை இறைவரித் திணைக்களத்தில் கொடுத்தால் எல்லா வங்கிகளுக்கும் போய்ச் சேரும் ஏற்பாடு செய்யுங்கள். முதியவர் ஒருவர் வங்கி வங்கியாக அலைவதில் அரசுக்கு எந்த வருமானமும் இல்லை.

பங்கைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. எல்லாக் கொடுக்கல் வாங்கலும் மத்திய வைப்பகத்தில் கணினியில் இருக்கிறது, இதைவிட இலகுவாக அறவிடக்கூடிய வரி வேறில்லை. ஆண்டுக்கு 20 இலட்சம் வரையான இலாபத்தை விட்டுவிட்டு, அதற்கு மேல் காணிக்குள்ள அதே 15 வீதத்தை வையுங்கள். சந்தை குலைந்துவிடும் என்று பயப்படுவோருக்கு இந்தியாவைக் காட்டலாம். 2018 ஏப்ரலில் நீண்டகாலப் பங்கு இலாபத்துக்கு வரியைத் திரும்பக் கொண்டுவந்தபோது, 2018 ஜனவரி 31 வரை ஏறியிருந்த விலை உயர்வைத் தொடாமல் விட்டார்கள். அதனால் பழைய இலாபத்தைக் காப்பாற்ற முண்டியடித்து விற்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

காணிதான் பெரிய விடயம். இங்கே நிதானமாகப் பேச வேண்டும்.

விற்பனையில் வரும் மூலதன ஆதாயத்துக்கு தனிநபர் வரி 10இலிருந்து 15 வீதமாக உயர்ந்தது. உண்மை விலை 8 கோடி, உறுதியில் எழுதியது 3 கோடி என்று வைத்துக்கொள்வோம். மறைந்த 5 கோடியில் வாங்குபவர் 4 வீத முத்திரைத் தீர்வையாக 20 இலட்சத்தை மிச்சம் பிடிக்கிறார். விற்பவருக்கு முன்பு மிச்சமானது 50 இலட்சம், இப்போது 75 இலட்சம். பதிவேட்டைத் திருத்தாமல் விகிதத்தை மட்டும் உயர்த்தினால் உறுதியில் விலை இன்னும் கீழே போகும். வாங்கியவரும் நாளை விற்கும்போது அதையே செய்தாக வேண்டும், ஏனென்றால் அவர் கணக்கில் அடக்கவிலை 3 கோடிதான். 2017 செப்டெம்பர் 30க்கு முன் வாங்கிய காணிக்கு அன்றைய சந்தைப் பெறுமதியே அடக்கவிலை. அதற்கு இன்று எழுதி வாங்கும் மதிப்பீட்டு அறிக்கை மேலே போகிறது, விற்கும் விலை கீழே வருகிறது. இரண்டு முனையும் வளைந்தால் நடுவில் ஆதாயம் மறைந்துபோகிறது.

இதைப் பிடிக்கச் சோதனையும் வேண்டாம், ஒற்றரும் வேண்டாம். 3 கோடிக்கு வாங்கியதாக எழுதிய வீட்டை அடுத்த வாரமே வங்கியில் 5 கோடிக்கு ஈடு வைத்திருப்பார்கள். இரண்டு உறுதியும் காணிப் பதிவகத்தில் ஒரே காணியின் பதிவில், ஒன்றன் கீழ் ஒன்றாகக் கிடக்கின்றன. நொத்தாரிசுகள் தாம் எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை மாதாமாதம், அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள், பதிவகத்துக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். விற்பனை விலை, ஈட்டுத் தொகை, பேர்ச் கணக்கில் காணியின் அளவு, வீதிப் பெயர் இந்த நான்கையும் அங்கேயே கணினியில் ஏற்றினால் ஓராண்டில் கொழும்பு மாவட்டத்தின் உண்மை விலைப்பட்டியல் கையில் இருக்கும். அரசு சர்வதேச நாணய நிதியத்தோடு பேசிய விற்பனை விலை, வாடகைப் பதிவேட்டுக்கு மூலப்பொருள் இதுதான்.

அந்தப் பதிவேடு வருமுன்பே 2024இல் ‘கருதப்பட்ட வாடகை வருமானம்’ என்ற பெயரை வெளியே விட்டது பெரிய பிழை. காணி, கட்டட வரி அரசியலமைப்பின் 9ஆவது அட்டவணையில் மாகாண சபைப் பட்டியலில் இருக்கிறது. அதனால் வருமான வரி வழியாகச் சுற்றிப்போகப் பார்த்தார்கள். நுட்பமாகப் பார்த்தால் காரணம் புரிகிறது. ஆனால் சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு, தான் வாங்காத வாடகைக்கு வரி என்றுதான் அது கேட்டது. வெள்ளவத்தையில் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு ஒரே ஒரு மாடிவீடு வாங்கியவர்கூடப் பயந்தார். அடித்தளமாகச் சொல்லப்பட்டது, உள்ளூராட்சி மன்றங்கள் மதிப்பீட்டு வரிக்காக வைத்திருக்கும் ஆண்டுப் பெறுமதி. அதுவும் சமமானதல்ல. புதிதாகக் கட்டிய மாடிவீட்டுக்கு இன்றைய மதிப்பு வைக்கப்படும், எப்போதோ மதிப்பிட்டு அப்படியே விட்ட பழைய பங்களா தன் பழைய பெறுமதியிலேயே தொடரும்.

எங்கள் யோசனை இது. ஒருவருக்கு நாட்டில் உள்ள வதிவிடச் சொத்து எல்லாவற்றையும் கூட்டுங்கள். 10 கோடி வரை வரி வேண்டாம். அதற்கு மேல் ஆண்டுக்கு 0.3 வீதம். பேர்ச் 1 கோடி என்று வைத்தால் 40 பேர்ச் வீட்டுக்காரர் 30 கோடிக்குக் கட்டுவார்: 9 இலட்சம். மேலே சொன்ன சம்பளக்காரர் கட்டுவதைவிட அது இன்னமும் குறைவு. மாநகர சபைக்குக் கட்டிய மதிப்பீட்டு வரியை அதில் கழித்துக்கொள்ள விடுங்கள். வருமானத்தில் ஒரு பங்கை மாகாணத்துக்கும் உள்ளூராட்சிக்கும் சட்டத்திலேயே எழுதிவையுங்கள், அதிகாரத் தகராறுக்கு இடமிருக்காது. பெறுமதியைச் சொந்தக்காரரே பட்டைகளில் தெரிவிக்கட்டும்: 10 முதல் 15 கோடி, 15 முதல் 20 கோடி என்று. பட்டை அகலமாக இருந்தால் ஐந்து இலட்சத்துக்காக மேன்முறையீடு வராது. குறைத்துச் சொன்னால், நாளை அரசு வீதிக்காகச் சுவீகரித்தாலும் அவர் விற்றாலும் அந்தப் பெறுமதியே கணக்கு என்று வையுங்கள். பெரும்பாலோர் உண்மையைச் சொல்வார்கள்.

சொத்து இருக்கும், காசு இருக்காது என்ற நிலையும் உண்டு. பம்பலப்பிட்டியில் பெரிய வீட்டில் தனியே இருக்கும் அம்மா, பிள்ளைகள் ரொறன்ரோவில், கையில் கணவரின் ஓய்வூதியம். அவரை வீட்டை விற்க வைக்கும் வரி நியாயமான வரி அல்ல. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயதை எட்டியவர்கள் வீட்டு வரியைப் பிற்போடலாம், அது வட்டியோடு வீட்டின்மேல் கடனாக நின்று, வீடு கைமாறும்போது தீரும். இங்கே காணிப் பதிவில் ஒரு வரி எழுதினால் போதும்.

ஒட்டுமொத்தச் செல்வ வரியை ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நாடு அதைப் பார்த்துவிட்டது. பிரித்தானியப் பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோர் 1958இல் வந்து சொன்னபடி 1959இல் செல்வ வரி, கொடை வரி, செலவு வரி மூன்றும் வந்தன. இன்று ஒன்றும் இல்லை. இந்தியாவும் 2015 வரவு செலவுத் திட்டத்தில் தன் செல்வ வரியை எடுத்துவிட்டது, 2013-14இல் அத்தனை பெரிய நாட்டில் அது தந்தது 1,008 கோடி இந்திய ரூபாதான். நகை, ஓவியம், பங்கு, கம்பனி என்று ஒவ்வொன்றுக்கும் பெறுமதி போட்டுக்கொண்டிருந்தால் வரி அதிகாரியின் ஆண்டு அதிலேயே முடியும். காணியை யாரும் பெட்டியில் வைத்து விமானம் ஏற்ற முடியாது. அதனால்தான் காணி என்கிறோம்.

இனிப் பரம்பரைச் சொத்து. கொடைக்கும் மரணத்தின் பின் வரும் சொத்துக்கும் வரி கொண்டுவருவதாக நாணய நிதியத்துக்கு வாக்குக் கொடுக்கப்பட்டது. இதில் எங்கள் சமூகங்களின் வழக்கத்தை அறியாமல் சட்டம் எழுதினால் அநியாயம் நடக்கும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட குடும்பங்களில் மகளுக்குக் கலியாணத்தின்போதே சீதனமாக வீடு எழுதப்படுகிறது. மகனுக்கு முதுசம் பெற்றோர் காலத்துக்குப் பின் வரும். கொடைக்கு ஒரு எல்லை, மரணசொத்துக்கு வேறு எல்லை என்று வைத்தால், ஒரே அளவு சொத்துக்கு மகள் 27 வயதில், கையில் காசில்லாத நேரத்தில் வரி கட்டுவாள், மகன் கட்டாமலே போகலாம். முஸ்லிம் குடும்பங்களின் ஹிபா கொடையிலும் இதே சிக்கல் எழும். தீர்வு இருக்கிறது. கொடுப்பவரை விட்டுப் பெறுபவரைக் கணக்கெடுங்கள். அயர்லாந்தில் 1991 டிசம்பர் 5க்குப் பின் பெற்றோரிடமிருந்து ஒருவர் பெற்றது எல்லாம், கொடையானாலும் மரணசொத்தானாலும், ஒரே கூட்டுத்தொகை. அதற்கு ஒரே எல்லை, 2024 அக்டோபரிலிருந்து 4 இலட்சம் யூரோ. ஆயுள் உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டு பிள்ளைக்கு எழுதும் உறுதிகள் கொழும்பில் சாதாரணம். அந்தச் சொத்தைப் பிள்ளை அனுபவிக்கத் தொடங்கும் நாளில் கணக்கெடுங்கள், எழுதிய நாளில் வேண்டாம்.

இவை எல்லாம் தங்கியிருப்பது ஒரு சின்ன வேலையில்: ஆளை அடையாளம் காண்பது. வரி செலுத்துநர் இலக்கம் இல்லாமல் காணி பதிய முடியாது என்று சட்டத்தில் எழுதியாகிவிட்டது. பழைய உறுதிகளில் இருப்பதோ பெயர்தான். சிவசுப்பிரமணியம் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒரு உறுதியில் ஒரு எழுத்துக்கோர்வையில், அடுத்ததில் வேறு கோர்வையில், மூன்றாவதில் முதலெழுத்தை மாற்றி எழுதியிருப்பார்கள். பெயரால் இணைத்தால் ஒருவர் மூவராவார், மூவர் ஒருவராவர். அடையாள அட்டை இலக்கத்தால் மட்டும் இணையுங்கள். பழைய 9 இலக்கமும் புதிய 12 இலக்கமும் ஒருவரைத்தான் குறிக்கின்றன: பழையதன் முன்னால் 19 சேர்த்து, பழையதன் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் இட்டு, கடைசி எழுத்தை விட்டால் புதியது வந்துவிடும். இலக்கமே இல்லாத பழைய உறுதிகளை ஊகத்தால் நிரப்ப வேண்டாம். சொந்தக்காரருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் கடிதம் அனுப்பி ஆறு மாதம் கொடுங்கள். பங்கு பிரியாத காணியில் ஒருவர் இலண்டனிலும் ஒருவர் சென்னையிலும் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்குக்கு மட்டும் பொறுப்பு வையுங்கள், இங்கே இருப்பவர் தலையில் முழுவதையும் கட்டாதீர்கள்.

வேலையின் ஒழுங்கு முக்கியம். கொழும்பு மாவட்ட உறுதிகளைக் கணினியில் ஏற்றுவது முதல் ஆண்டு. பங்கு இலாப வரியையும் வட்டி ஒப்பீட்டையும் அந்த ஆண்டிலேயே தொடங்கலாம், தரவு தயாராக இருக்கிறது. விலைப்பட்டியலை வெளியிட்டு ஆட்சேபனை கேட்பது இரண்டாம் ஆண்டு. 10 கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு முதல் வரி அறிவித்தல் மூன்றாம் ஆண்டு ஏப்ரல் 1இல் போகட்டும். அந்த மூன்று ஆண்டும் 36 வீதத்தில் கை வைக்க வேண்டாம். வீட்டு வரியின் முதல் வருமானம் வந்ததும் வற் வரியை 18இலிருந்து எந்தத் திகதியில் எவ்வளவு குறைப்பீர்கள் என்பதை அதே சட்டமூலத்தில் எழுதித் தாருங்கள். உங்கள் குழு அழைத்தால், மாதிரி உறுதிகளையும் கணக்குத் தாள்களையும் எடுத்துக்கொண்டு நேரில் வந்து விளக்க ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கொழும்பில் கணக்காய்வு, வரி, காணி உறுதிப் பணிகளில் உள்ள சிலர்