சுவரை உடைக்க முன் விலையைச் சொல்லச் சொல்லுங்கள்: நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

கொழும்பில் பைப் வேலைக்கு ஆள் பிடிப்பது என்ன பாடு என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் இங்கேதான் குடியிருக்கிறீர்கள். ஆகவே போன மாதம் வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

குளியலறைச் சுவருக்குள் கசிவு. மீட்டருக்கு இந்தப் பக்கம் என்றால் எங்கள் பொறுப்பு. வீணாகும் தண்ணீருக்கும் அலகு கூடக்கூடக் கட்டணம் ஏறும். அவசரமாக ஒரு பாஸை, அதாவது பைப் வேலைக்காரரை, கூப்பிட்டோம். வந்து பார்த்ததற்கே 3,000 ரூபாய். சரி, பெற்றோல் விற்கிற விலையில் அதைக் குறை சொல்லவில்லை. வேலைக்கு எவ்வளவு முடியும் என்று கேட்டால், "உடைச்சுப் பாத்தாத்தான் தெரியும் சேர்" என்றார். வால்வைப் பூட்டினார், டைல்ஸை உடைத்தார். உள்ளே அரை அங்குல எல்போ ஒன்று, பைப்பை வளைத்து இணைக்கும் துண்டு, வெடித்திருந்தது. அதன் பிறகுதான் தொகை வாயில் வந்தது: 35,000.

வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சுவரில் ஓட்டை. வயதான அம்மாவுக்காக வாளியோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். அந்த நேரத்தில் யார் பேரம் பேசுவது? கொடுத்தோம். டைல்ஸ் ஒட்டுவது இந்தக் கணக்கில் இல்லையாம், அதற்கு வேறு பாஸ் வரவேண்டுமாம். பில் கேட்டேன். சிகரெட் பெட்டியைக் கிழித்து, அட்டையின் உள்பக்கத்தில் தொகையை எழுதித் தந்தார்.

ஹார்ட்வெயார் கடைகள் நிறைந்த பழைய சோனகத் தெருவில் எல்போ என்ன விலை என்று எனக்கும் தெரியும். அதை வைத்துக் கூலியை அளக்கச் சொல்லவில்லை. கைவேலைக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும். சுவருக்குள் இருப்பது முன்கூட்டித் தெரியாது என்பதும் நியாயம். ஆனால் பார்க்க வர எவ்வளவு, நாள் கூலி எவ்வளவு, சாமான் யார் கணக்கு, உடைத்ததை யார் ஒட்டுவது என்பதையெல்லாம் சுத்தியலைத் தொடாமலே சொல்லலாமே. அதை எழுத்தில் தரவேண்டும். உடைக்க முன் தரவேண்டும். கேட்பது இவ்வளவுதான்.

உங்கள் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பொருட்களோடு சேவைகளையும் சேர்த்தே பேசுகிறது. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம் என்கிறது. எதைக் காட்டி முறையிடுவது, சிகரெட் அட்டையையா?

2025 ஏப்ரலில் ஒரு லீட்டர் போத்தல் தண்ணீருக்கு 100 ரூபாய்தான் என்று உச்ச விலை போட்டீர்கள். நல்லது. பைப்பில் வரும் தண்ணீரைப் பூட்டி வைத்துக்கொண்டு கேட்கும் விலைக்குத்தான் உச்சமே இல்லை. 2022இல் டொலர் 360 ரூபாயைத் தொட்டபோது எல்லாக் கூலியும் ஏறியது. பிறகு டொலர் 300 பக்கம் இறங்கியது, கூலிக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. கூரை வேலை, கரண்ட் வேலை எல்லாம் இதே கதைதான்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். உச்ச விலை கேட்கவில்லை. வழமையான பைப் வேலைகளுக்கு ஏறத்தாழ எவ்வளவு என்று ஒரு பட்டியலை மும்மொழியிலும் வெளியிடுங்கள். எழுத்துமூல மதிப்பீடு தராமல் சுவரில் கை வைக்கக்கூடாது என்று பணியுங்கள். முதலில் பதிவுசெய்த கம்பனிகளிடமிருந்தாவது தொடங்குங்கள். என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு ஒழுங்காக வேலை செய்யும் பாஸ்மாருக்கு இது பாரமாக இராது. தயவுசெய்து கவனத்தில் எடுப்பீர்கள் என நம்புகிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசி ஒருவர்