வீட்டில் எந்த மொழி பேசினாலும் சரி, பள்ளிக்கு வந்து பேசுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்குகிறது. சட் பூஜைக்கு ஊர் போக ரயில் டிக்கெட் எடுத்துவிட்ட பீகார் குடும்பங்கள் நம் பள்ளியில் நிறைய. அவர்களுக்கும் திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இதையே இந்தியிலும் ஒடியாவிலும் பேசிப் பதிவுசெய்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறோம். லைன் வீட்டில் போன் இல்லாத குடும்பம் இருந்தால் நீங்கள் போட்டுக் காட்டுங்கள்.

"இனிமேல் வீட்டிலும் தமிழில்தான் பேச வேண்டுமா?" என்று சில அம்மாக்கள் கேட்டார்கள். வேண்டாம். போஜ்புரியோ மைதிலியோ ஒடியாவோ, உங்களுக்கு எது சரளமோ அதிலேயே கதை சொல்லுங்கள், கணக்குக் கேளுங்கள். தாய்மொழியில் நன்றாகப் பேசும் குழந்தைக்கு இன்னொரு மொழி எளிதாகப் பிடிபடும். தமிழை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி ஜூனில் சேர்ந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. ஆனால் எண்ணும் எழுத்தும் வகுப்பில் அட்டைகளைப் பரப்பினால், டீச்சர் சொல்லும் படத்தைச் சரியாக எடுத்துக் கொடுப்பாள். போன வாரம் சத்துணவு வரிசையில் இடையில் புகுந்த பையனிடம், "தள்ளு, நான்தான் முதல்ல" என்றாள். புது மொழிக்குள் வந்த குழந்தை சில மாதம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அதை மந்தம் என்று நினைக்காதீர்கள். எகரமும் ஏகாரமும் குழம்பினாலும் திட்டாதீர்கள். இந்தி எழுத்தில் அந்தக் குறில் நெடில் வேறுபாடே கிடையாது, காது பழக நாளாகும்.

அப்புறம், உள்ளூர்ப் பெற்றோருக்கு. இந்தப் பிள்ளைகளால் நம் பிள்ளைகளின் படிப்பு பின்தங்குமோ என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒருவர் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. பக்கத்தில் இருப்பவனுக்குப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் உங்கள் பிள்ளைக்கு அந்தப் பாடம் இன்னும் ஆழமாகப் பதிவதைத்தான் நாங்கள் பார்க்கிறோம். ஆனால் எட்டு வயதுப் பையன் வாயில் "வடக்கன்" என்று வந்தால், அது பெரியவர்களிடம் கேட்டதுதான். தயவுசெய்து பிள்ளைகள் முன்னால் அப்படிப் பேசாதீர்கள். மதுரை, தேனிப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகளும் இதே வகுப்பில்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் வீடுகளின் கஷ்டம் தெரியும். ஆனால் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகளைத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தாதீர்கள். 2 வயது முடிந்த குழந்தையை அங்கன்வாடியில் விடலாம். சேர்க்க நானே கூட வருகிறேன். காலையில் சமைக்க நேரமில்லையென்றால் அப்படியே அனுப்புங்கள், காலை உணவு இங்கே உண்டு.

ஊருக்குப் போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பும் தேதியைத் தெரிவித்தால் வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்புவோம். அங்கேயே தங்க நேர்ந்தாலும் படிப்பை நிறுத்த வேண்டாம். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றெல்லாம் சொல்லி அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்க முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவும் வேண்டும்.

வீட்டில் குடி, அடிதடி, வாடகைத் தொல்லை என்று எதுவானாலும் தயங்காமல் என்னிடம் சொல்லுங்கள். உங்கள் பெயர் வெளியே போகாது. குழந்தைக்கு ஆபத்து என்றால் எந்த நேரமும் 1098-ஐ அழைக்கலாம், கட்டணமில்லை. வரும் ஞாயிறு காலை 10 மணிக்குப் பள்ளியில் இருப்பேன். இந்தி, ஒடியா பேசும் இரண்டு அம்மாக்களும் உதவிக்கு வருகிறார்கள். கைக்குழந்தையோடு வந்தாலும் சரி.

அன்புடன்,
தலைமையாசிரியர்
மாநகராட்சி தொடக்கப் பள்ளி, திருப்பூர்