எரிமலை இல்லாத ஊரிலும் புவிவெப்பம் உண்டா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். புவிவெப்பம் பற்றி விசாரிக்க வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது, "எங்கள் பக்கம் எரிமலையும் இல்லை, வெந்நீர் ஊற்றும் இல்லை, அப்புறம் இது எப்படி வேலை செய்யும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. கொதிக்கிற நிலம் வேண்டியது மின்சாரம் எடுக்க. வீட்டைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ சாதாரண மண்ணே போதும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு சிலர் தேவையில்லாமல் பின்வாங்குகிறார்கள், சிலர் நடக்காததை எதிர்பார்த்து வருகிறார்கள். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

முதலில் மின்சாரம். பூமி உருவான காலத்து வெப்பம் உள்ளே இன்னும் மிச்சம் இருக்கிறது. அதோடு பாறைகளில் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைவதாலும் புதிது புதிதாக வெப்பம் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் ஒரு கிலோமீட்டர் கீழே போனால் சுமார் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் கூடும். எரிமலைப் பகுதிகளில் அதைவிட வேகமாக ஏறும், அங்கேதான் துளை போட்டு நீராவியை எடுத்து டர்பைனைச் சுற்றவைக்கிறார்கள். இத்தாலியின் லார்டரெல்லோவில் 1904-ல் பியரோ ஜினோரி கான்டி இப்படி ஐந்து பல்புகளை எரியவைத்தார், 1913-ல் அங்கேயே 250 கிலோவாட் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. நீர் அவ்வளவு சூடாக இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது: குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கிற வேறொரு திரவத்துக்கு அந்தச் சூட்டைக் கொடுத்து, அதன் ஆவியால் டர்பைனை ஓட்டலாம். அலாஸ்காவின் சேனாவில் 2006 முதல் 74 டிகிரி நீரை வைத்தே மின்சாரம் எடுக்கிறார்கள்.

வெயில் மறைந்தாலும் காற்று நின்றாலும் இது நிற்காது, இதன் பெரிய பலமே அதுதான். கென்யாவின் மின்சாரத்தில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு இப்படித்தான் வருகிறது. ஆனால் எடுத்துக்கொண்டே இருந்தால் நிலம் தாங்காது. கலிஃபோர்னியாவின் கெய்சர்ஸ் என்ற புவிவெப்ப மின்நிலையப் பகுதியில் அளவுக்கு மீறி நீராவி எடுத்ததில் அழுத்தம் இறங்கி, பிறகு சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டுவந்து உள்ளே செலுத்த வேண்டியதாயிற்று. சுவிட்சர்லாந்தின் பாசெலில் 2006-ல் பாறைக்குள் நீரை அழுத்தியபோது நில அதிர்வு ஏற்பட்டுத் திட்டமே நின்றுபோனது. நாங்கள் வீட்டுக்குப் போடும் குழாய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் கேட்கிறவர்கள் இருப்பதால் சொல்கிறோம்.

வெந்நீர் மேலேயே கிடைக்கிற ஊர்கள் அதை நேரே வீட்டுக்குள் ஓடவிடுகின்றன. ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீடுகளுக்கு இப்படித்தான் கதகதப்பு.

சரி, இப்போது நம் வீட்டு விஷயம். சில மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டால் மண்ணின் வெப்பநிலை வருடம் முழுக்கப் பெரிதாக மாறாது, குளிர்காலத்தில் வெளிக்காற்றைவிடச் சூடாகவும் கோடையில் குளிர்ச்சியாகவும் இருக்கும். மண்ணுக்குள் புதைத்த பிளாஸ்டிக் குழாயில், உறையாமல் இருக்க மருந்து கலந்த நீர் சுற்றிவந்து அந்தச் சூட்டை வாங்கி வரும், உள்ளே இருக்கும் ஹீட் பம்ப் அதைக் கம்ப்ரசரால் உயர்த்தி வீட்டுக்குக் கொடுக்கும். ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறதே, அதே வேலைதான், இங்கே சூடு மண்ணிலிருந்து வீட்டுக்கு வருகிறது. கோடையில் திசையை மாற்றினால் வீட்டுச் சூடு மண்ணுக்குப் போகும். நன்றாக அமைத்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும்.

ஆனால் இது மின்சாரத்தில் ஓடுவது, மின்சாரத்தைத் தருவது அல்ல. கரண்ட் பில்லே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இடம் தாராளமாக இருந்தால் குழாயை ஒன்று இரண்டு மீட்டர் ஆழத்தில் படுக்கையாகப் போடலாம், இல்லாவிட்டால் நூறு மீட்டர் அளவுக்குச் செங்குத்தாகத் துளையிட வேண்டும், முதல் செலவில் பெரும்பகுதி அங்கேதான் போகும். செலவைக் குறைக்கிறோம் என்று குழாய் நீளத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள், மண் வருடத்துக்கு வருடம் குளிர்ந்துபோய் பம்ப் திணற ஆரம்பிக்கும், பிறகு தோண்டிச் சரிசெய்வது பெரும்பாடு. அதேபோல, சுவரிலும் கூரையிலும் சூடு ஒழுகுகிற வீட்டில் முதலில் இன்சுலேஷனைச் சரிசெய்யுங்கள் என்றுதான் சொல்வோம், எங்களுக்கு ஆர்டர் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. அறையின் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடவிட்டுச் சூடாக்கும் வீடுகளுக்கு 35 டிகிரி நீரே போதும், அறையில் வைத்திருக்கும் பழைய வெந்நீர் ரேடியேட்டருக்கு இன்னும் சூடான நீர் வேண்டும். நீர் எவ்வளவு சூடாக வேண்டுமோ அவ்வளவுக்குப் பம்பின் மின்செலவும் ஏறும்.

பேச வரும்போது கடந்த வருட வெப்பச் செலவு பில்களையும், வீட்டின் வரைபடத்தையும், பக்கத்தில் யாராவது கிணறு தோண்டியிருந்தால் எந்த ஆழத்தில் பாறை, எந்த ஆழத்தில் தண்ணீர் என்ற விவரத்தையும் கொண்டுவாருங்கள். அதைப் பார்த்த பிறகே குழாய் நீளத்தையும் செலவையும் கணக்கிட்டுச் சொல்வோம்.

அன்புடன்,
உங்கள் ஹீட் பம்ப் நிறுவனத்தார்