அந்த அறிக்கையைக் கொடுங்கள்

விமான விபத்தை விசாரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஓடுபாதையை விட்டு எழும்பிய கையோடு மக்காச்சோளக் காட்டில் விழுந்ததே ஒரு பயிற்சி விமானம், அதை ஓட்டிய மாணவனின் அம்மா நான். கோப்பு உங்களிடமே இருக்கிறது; கதையை மறுபடி சொல்லவில்லை. 16 மாதங்கள் ஆகிவிட்டன. அறிக்கை வரவில்லை.

பயிற்சியாளரும் பிழைத்தார், என் மகனும் பிழைத்தான். கால் எலும்பு கூடிவிட்டது. கோத்தகிரியில் எங்கள் வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்தால், இன்ஜின் வேகத்தைக் கூட்டும் திராட்டில் பிடியைத் தள்ளுவதுபோல அவன் வலது கை தானாக முன்னே போகிறது. "இறக்கைத் தொட்டியிலிருந்து எரிபொருளைக் குப்பியில் பிடித்துப் பார்த்தேன் அம்மா, இன்ஜினை அடக்கிவிடுகிற தண்ணீர் அதில் கலந்திருக்கவில்லையே" என்கிறான். நான் ஒன்றும் கேட்டிருக்க மாட்டேன். சோறு ஆறிப்போகும். மே மாத வெயிலில் காற்று லேசாகி இறக்கைக்குப் பிடிப்பில்லாமல் போனதா, இன்ஜின் அடங்கியதா, இவன்தான் விமானத்தின் மூக்கை அதிகம் தூக்கிவிட்டானா? அவனுக்கே தெரியவில்லை. பச்சைத் தேயிலை எடைபோடும் இடத்தில் மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது: "உங்கள் பையன் விழவைத்த விமானம்தானே?"

அறிக்கையைக் கொடுங்கள். 12 மாதங்களுக்குள் இறுதி அறிக்கை. முடியாவிட்டால் விபத்து நடந்த தேதி திரும்பி வரும்போது, விசாரணை எந்த மட்டில் இருக்கிறது என்றாவது ஒரு குறிப்பு. விமானப் போக்குவரத்துக்காக உலக நாடுகள் செய்துகொண்ட சிகாகோ ஒப்பந்தத்தின் 13-ஆம் இணைப்பு சொல்வது இது. இந்த ஆண்டு மே வந்தது, போனது. குறிப்புகூட இல்லை.

2021 டிசம்பர் 8 அன்று எங்கள் மலையில், நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தது. கம்பளியும் குடமுமாக ஓடியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். 14 உயிர்கள். மேகத்துக்குள் புகுந்ததில் விமானிக்குத் திசை உணர்வு தப்பியது என்று மறு ஜனவரி 14 அன்றே முதற்கட்ட முடிவைச் சொன்னார்கள். அதில் போனவர் முப்படைத் தலைமைத் தளபதி. சின்ன விமானம், தேயிலைக்காரி மகன், அதற்கேற்ற வேகம் என்று எடுத்துக்கொள்ளட்டுமா?

பயிற்சிப் பள்ளியில் அவனைச் சேர்த்த அன்று, காற்றின் திசை காட்டும் பை கம்பத்தில் கந்தலாகத் தொங்கியது. யாரோ வேட்டி காயப் போட்டிருக்கிறார்கள் என்றார் என் மாமனார். சிரித்தோம். அந்தப் பள்ளிக்கு ஆண்டுதோறும் யார் வந்து என்னதான் பார்த்துவிட்டுப் போனார்களோ! கல்விக் கடன் கொடுத்த வங்கி மட்டும் மாதம் தவறாமல் கடிதம் போடுகிறது.

மன்னிக்கவும், கேட்க வந்தது அறிக்கை. தவறு அவனுடையது என்றால் அதையே எழுதிக் கொடுங்கள், ஐயா. தபாலில் அனுப்ப முடியாதென்றால் நாளைச் சொல்லுங்கள். காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய், கோத்தகிரி