"அப்பீல் எப்பங்க முடியும்?" - கொங்கு வட்டார வக்கீல்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு கோர்ட்டுகளில் கிரிமினல் வழக்கு நடத்தும் வக்கீல்களுக்கு வணக்கமுங்க.

சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவன் நான். மச்சானுக்கு ஆயுள் தண்டனை விழுந்த அன்றைக்கு, கோர்ட் வாசலில் அக்கா கேட்டது ஒரே கேள்விதான்: "அப்பீல் எப்பங்க முடியும்?" எங்கள் வக்கீல், "ஆறு மாசம், கவலப்படாதீங்க அம்மிணி" என்றார். ஆறு வருஷம் ஆகிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. அழுகிற பெண்ணிடம் வேறென்ன சொல்வது என்று நினைத்திருப்பார். ஆனால் அந்த ஆறு மாசத்தை நம்பித்தான் அக்கா எட்டுத் தறியில் நாலை விற்றாள். "அப்பன் வரட்டும்" என்று மகள் கல்யாணத்தையும் தள்ளிப்போட்டாள்.

செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து ஹைகோர்ட்டுக்குப் போக 60 நாள் கெடு. அந்தக் கெடு நமக்குத்தான், கோர்ட்டுக்கு அல்ல. எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் அறுபது நாளில் தீர்ப்பே வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கீழ்கோர்ட் கேஸ் கட்டுகள் சென்னை போய்ச் சேர வேண்டும், அந்த ஆவணங்களைத் தொகுத்து நீதிபதிகளுக்குத் தரும் பேப்பர் புக் தயாராக வேண்டும், ஆயுள் தண்டனை என்றால் இரண்டு நீதிபதிகள் அமர்வில் முறை வர வேண்டும். இதையெல்லாம் முதல் நாளே சொல்ல உங்களுக்குப் பத்து நிமிஷம் ஆகுமா?

அதைவிட முக்கியமானது ஒன்று. தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கும் மனு வேறு, அப்பீல் வேறு. மச்சானுக்கு அந்த மனுவில் ஜாமீன் கிடைத்ததும் ஊரே கேஸ் முடிந்ததென்று நினைத்தது. பங்காளிகள் கிடா வெட்டிப் பொங்கல் வைத்தார்கள். வெளியே இருக்கும் நாள் தண்டனையில் கழியாது, அப்பீல் தள்ளுபடியானால் மறுபடி உள்ளே போக வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிய வந்தது அப்புறம் ஒரு வருஷம் கழித்து, அதுவும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடப் போன இடத்தில் ஒரு ஏட்டு சொல்லி. உள்ளே இருப்பவர்களின் அப்பீல் முந்துவதும், வெளியே வந்தவர் அப்பீல் பின்னால் போவதும் நியாயம்தான். சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்கிறேன்.

தாமதம் உங்கள் தப்பு இல்லை. ஐந்தாறு வருஷம் சிறையில் வைத்துவிட்டு அப்புறம் குற்றம் செய்யவில்லை என்று விடுவது நீதியே ஆகாது என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் 1977-லேயே காஷ்மீரா சிங் வழக்கில் சொன்னது. 2025 ஜனவரியில், தேங்கிய கிரிமினல் அப்பீல்களுக்காகத் தற்காலிக நீதிபதிகளை நியமிக்கவும் வழிவிட்டது. நீதிபதிகளே ஒத்துக்கொண்ட தாமதத்தை எங்களிடம் மட்டும் ஏன் மறைக்கிறீர்கள்?

போன வாரம் மச்சான், பழைய தறி இரண்டு விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டார். அதற்கும் உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
சோமனூர்த் தறிக்காரன் ஒருவன்